நாலு மணி வால்வு

குருவின் பெயர் பிலோமினா. ஆசிரமம் என்று பார்த்தால், கொளத்தூரில் டயர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே இருந்த ஒற்றை ஷட்டர்தான். குழாய் ஒழுகினால், மோட்டார் காற்று வாங்கினால், கீசர் சூடாகாமல் சண்டித்தனம் செய்தால் அக்கம்பக்கத்தார் அங்கே போய் நிற்பார்கள். மொபைலில் எழுத்தைப் பெரிதாக்கத் தெரியவில்லை என்று போகிறவர்களும் உண்டு. அதையும் செய்து கொடுத்து அனுப்புவார்.

சீடர் வேதகிரி குருவைவிடப் பத்து வயது மூத்தவர். வேலை பார்த்த லேத் பட்டறையை மூடியபின் இங்கே வந்து சேர்ந்தவர். அவர் குருவை 'மேஸ்திரிம்மா' என்பார். குரு அவரை 'அண்ணா' என்பார். இருவருக்கும் இதில் ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

அந்த வருஷம் கோடை பங்குனியிலேயே பல்லைக் காட்டத் தொடங்கிவிட்டது. ஒருநாள் காலையில் அரசி என்ற பெண் கடைக்கு வந்தாள். பின் தெருவில் வசந்தம் அப்பார்ட்மென்ட்ஸில், மூன்றாவது மாடியில் வாடகைக்கு இருப்பவள்.

"எங்கப்பா குழாயத் திறந்தே வெச்சிடறாரும்மா" என்றாள்.

"எப்போ?"

"மத்தியானம். கோடைங்கறதால பதினோரு மணிக்கு மொட்டைமாடி வால்வ மூடிடறாங்க. நாலு மணிக்கு வாட்ச்மேன் திறப்பாரு. நடுவுல அப்பா போய்க் குழாயத் திறந்து பாப்பாரு. தண்ணி வராது. அப்படியே குடத்த வெச்சுட்டு, பக்கத்துல சேர் போட்டு உக்காந்துடுவாரு. உக்காந்தவர் தூங்கிடுவாரு. காது சரியா கேக்காது. நாலு மணிக்கு வர்ற தண்ணி, நான் வேல முடிஞ்சு வர்ற வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும்."

"லாரித் தண்ணியா?"

"ஆமாம்மா. டேங்க் காலியாயிடுது. குரூப்புல கண்டபடி போடறாங்க. இன்னொரு தடவ நடந்தா வீட்டக் காலி பண்ணுங்கன்னு செக்ரட்டரி சொல்லிட்டாரு. எங்க வீட்டுக்காரர் திருவள்ளூர் பக்கம் ஒரு முதியோர் இல்லம் பாத்துட்டு வந்துட்டாரு. ஞாயித்துக்கிழம கூட்டிட்டுப் போயிடலாம்கறாரு."

அரசி துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அப்பாவ அனுப்ப எனக்கு மனசில்லம்மா. ஏதாவது வேற குழாய் இருந்தா மாத்திக் குடுங்க."

பிலோமினாவுக்கு அன்று ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை இருந்தது. வேதகிரியை அனுப்பினார்.

மதியமே வேதகிரி திரும்பி வந்துவிட்டார். முகத்தில் பெருமை வழிந்தது.

"முடிஞ்சுது மேஸ்திரிம்மா. பஸ் ஸ்டாண்டுல இருக்குமே, அந்தப் புஷ் டேப் ஒண்ணு போட்டுட்டேன். அமுக்கினா வரும், கைய எடுத்தா தானா நின்னுடும். இனிமே அவர் திறந்து வெக்கவே முடியாது."

"பெரியவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல. பாத்துக்கிட்டே இருந்தாரு."

"நீங்க ஏதாவது கேட்டீங்களா?"

"குழாயப் பத்தி அவர்கிட்ட கேக்க என்ன இருக்கு?"

பிலோமினா டிபன் பாக்ஸைத் திறந்து பாதி எலுமிச்சை சாதத்தை வேதகிரி பக்கம் தள்ளினார்.

சனிக்கிழமை மதியம் அரசியிடமிருந்து போன் வந்தது. அழுகையில் பாதி வார்த்தை புரியவில்லை. இருவரும் கிளம்பிப் போனார்கள்.

வேதகிரி மாட்டிய புஷ் டேப்பின் தலையை, பழைய சைக்கிள் டியூப் துண்டால் யாரோ இறுக்கிக் கட்டியிருந்தார்கள். அமுக்கியது அமுக்கியபடியே நின்றது. நேற்று நாலு மணிக்கு வந்த தண்ணீர் முழுக்க அதன் வழியே போய்விட்டது. கட்டியவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. பக்கத்துச் சேரில் ஏகாம்பரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அரசியின் அப்பா. எழுபத்தைந்து வயது, நெடுநெடுவென்ற உடம்பு, சலவைச் சட்டை.

ஹாலில் ஒரு பெட்டி தயாராக இருந்தது. அரசியின் கணவன் செல்போனைப் பார்த்தபடி சோபாவில் இருந்தான். கெட்டவன் இல்லை, களைத்துப் போனவன். "நானும் எவ்வளவுதாங்க பாக்கறது? வேற வீடுன்னா அட்வான்ஸுக்கு எங்க போறது?" என்றான்.

பிலோமினா ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏகாம்பரத்தின் எதிரில் உட்கார்ந்தார். அவர் காதருகே குனிந்து உரக்கக் கேட்டார்.

"ஐயா, எதுக்கு இதக் கட்டினீங்க?"

"தண்ணி வர்றப்போ நான் கவனிக்கலைன்னா?"

"கவனிக்கலைன்னா என்ன?"

ஏகாம்பரம் அவரை ஏற இறங்கப் பார்த்தார். கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டதுபோல இருந்தது அந்தப் பார்வை.

"என்னம்மா இப்படிக் கேக்கறே? தண்ணிப் பஞ்சம் வந்தப்போ புளியந்தோப்புல நாங்க லைன் வீட்டுல இருந்தோம். எட்டுக் குடும்பம், ஒரு குழாய். தண்ணி எப்போ வரும்னு எவனுக்கும் தெரியாது. வர்றதுக்கு முன்னாடி குழாய்ல காத்து வரும் பாரு, புஸ்ஸுன்னு, அது எனக்குத்தான் முதல்ல கேக்கும். குழாயத் திறந்து வெச்சுட்டு அது பக்கத்துலயே படுத்துப்பேன். காத்து வந்ததும் எழுந்து ஒவ்வொருத்தரா பேர் சொல்லிக் கூப்பிடுவேன். முனியம்மா, ஜோசப்பு, பாய் வீட்டுக்காரம்மா, பங்கஜம்... எம் பொண்டாட்டி சிரிப்பா. உனக்குக் காது இருக்கறது எனக்காக இல்ல, குழாய்க்காகம்பா."

சொல்லும்போது அவர் முகத்தில் இருபது வயது குறைந்துவிட்டது. பஞ்ச காலத்தை இப்படி ஆசையாக நினைப்பார்களா என்று கேட்கலாம். அந்தக் குழாயடியில் நின்றவர்கள் நினைப்பார்கள். சண்டையும் அங்கேதான், கல்யாணப் பேச்சும் அங்கேதான், குழந்தைக்கு ஜுரம் என்றால் கஷாயம் சொல்லும் வைத்தியமும் அங்கேதான். பச்சை, சிவப்பு, நீலம் என்று வரிசையாக நின்ற பிளாஸ்டிக் குடங்களைப் பார்த்தே யார் வந்தாயிற்று, யார் இன்னும் வரவில்லை என்று சொல்லிவிடலாம்.

"காதுக்கு மெஷின் வாங்கலியா?"

"அரசி வாங்கிக் குடுத்தா. அதப் போட்டா எந்நேரமும் புஸ்ஸுன்னே கேக்குதும்மா. தண்ணி வந்துடுச்சுன்னு எழுந்து எழுந்து ஓடறேன். போய்ப் பாத்தா இல்ல. கழட்டி வெச்சுட்டேன்."

அரசி சுவரில் சாய்ந்தாள். அப்பா பிடிவாதத்தால் மெஷினைப் போடவில்லை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தாள். இதை அவர் அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

மணி நாலாகப் போகிறது. பிலோமினா எழுந்து டியூப் துண்டை அவிழ்த்தார். புஷ் டேப்பைக் கழற்றிவிட்டுப் பழைய குழாயையே மாட்டினார். வேதகிரிக்கு மனசு சுருங்கியது. ஆனாலும் ஸ்பானரை எடுத்து நீட்டினார்.

குழாய் இருந்த அந்தத் துணி துவைக்கும் இடத்தில், மொட்டைமாடியிலிருந்து ஒரு பைப் சுவரோரமாக இறங்கியது. பிலோமினா ஏகாம்பரத்தின் கையைப் பிடித்து உள்ளங்கையை அந்தப் பைப்பின்மேல் வைத்தார்.

"என்ன?" என்றார் ஏகாம்பரம்.

"சும்மா வெச்சுக்கிட்டிருங்க."

மேலே வாட்ச்மேன் வால்வைத் திருகினார். முதலில் பைப் லேசாக நடுங்கியது. ஏகாம்பரத்தின் புருவம் ஏறியது. பிறகு குளிர்ச்சி இறங்கியது.

"காத்து... காத்து வருது" என்றார். "தண்ணி! அரசி, தண்ணி வந்துடுச்சு! குடத்த எடு!"

அரசி குடத்தை எடுத்தாள். அவசியமே இல்லை. ஆனாலும் எடுத்தாள், நிரப்பினாள். ஏகாம்பரமே குழாயை மூடினார். ஒரு சொட்டு கீழே போகவில்லை.

வேதகிரிக்குத் தாங்கவில்லை. "அவ்வளவுதானே மேஸ்திரிம்மா! தினமும் பைப்புல கைய வெச்சுக்கிட்டு உக்காரச் சொல்லிட்டா முடிஞ்சுது."

"பதினோரு மணிலேர்ந்து நாலு மணி வரைக்குமா?" என்று கேட்டுவிட்டு, பிலோமினா படி இறங்கினார். வேதகிரி பின்னாலேயே போனார்.

செக்ரட்டரி சந்தானகிருஷ்ணன் கீழ்வீட்டில் இருந்தார். பிலோமினா சொன்னதைக் கேட்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"டேங்கைக் காலி பண்ணினவர் கையிலயே வால்வைக் குடுக்கச் சொல்றீங்களா? விளையாடறீங்களா?"

"இல்ல சார். தண்ணி எப்போ வரும்னு தெரியாமத்தான் அவர் குழாயத் திறந்து வெக்கறாரு. திறந்து விடறதே அவர்தான்னா, எதுக்குக் காத்துக்கிட்டிருக்கப் போறாரு? அவர் வீட்டுக்கு மேல ஒரு மாடி ஏறினா போதும். வாட்ச்மேனுக்கும் முட்டி வலி குறையும்."

"மறுபடி தண்ணி வீணானா குரூப்புல எனக்குத்தான் திட்டு விழும்."

"சார், அந்தத் தண்ணிப் பஞ்ச வருஷத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

"அயனாவரத்துல. ஏன்?"

"தண்ணிக்கு என்ன பண்ணினீங்க?"

சந்தானகிருஷ்ணன் வாசலைப் பார்த்தார். "என் சம்சாரம்தான் லாரி பின்னாடி ஓடுவா. இடுப்புல கைக்குழந்த, கையில குடம். ஒருநாள் கால்ல செருப்பு அறுந்து, அதோடயே வரிசைல நின்னா. முன்னாடி நின்ன பொம்பள பாத்துட்டு இவளத் தனக்கு முன்னால விட்டுட்டா. அந்தப் பொம்பள பேரு கூட எங்களுக்குத் தெரியாது." கண்ணாடியைத் துடைத்தார். துடைத்தது கண்ணாடியை மட்டும்தானா என்பது தெரியவில்லை.

"ஒரு வாரம் பாக்கலாம்" என்றார்.

அந்த ஒரு வாரத்துக்காக முதியோர் இல்லத்துக்குப் போவது தள்ளிப்போனது. அரசியின் கணவன் பெட்டியை மட்டும் பிரிக்கவில்லை. ஹாலிலேயே வைத்திருந்தான்.

மறுநாள் மூன்றரைக்கே ஏகாம்பரம் சட்டை மாற்றிக்கொண்டார். தலை வாரினார். தன் வீட்டுக் குழாய் மூடியிருக்கிறதா என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தார். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஏறி, நாலு மணிக்கு வால்வைத் திருகினார். பைப்பின்மேல் கையை வைத்து நடுக்கம் அடங்கும்வரை நின்றார். பிறகு சும்மா இறங்கி வந்திருக்கலாம். வரவில்லை. மாடி மாடியாக இறங்கி, "தண்ணி வந்துடுச்சு! தண்ணி வந்துடுச்சு!" என்று கத்திக்கொண்டே கடைசிப்படி வரை போனார். காது கேளாதவர் குரலாதலால் தெருவுக்கே கேட்டது.

கதவுகள் திறந்தன. என்னமோ ஏதோ என்று வெளியே வந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டாவது மாடி அம்மாள் ஒருத்தி பழக்க தோஷத்தில் காலிக் குடத்தோடு ஓடி வந்துவிட்டு, தன்னைப் பார்த்துத் தானே சிரித்தாள். ஆறு வருஷமாக எதிரெதிர் வீட்டில் இருந்த இரண்டு பேர் அன்றைக்குத்தான் ஒருவர் பெயரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள்.

நாலைந்து நாளில் ஏகாம்பரத்துக்கு எல்லார் பெயரும் தெரிந்துவிட்டது. பிறகு பெயர் சொல்லியே கூப்பிட்டார். செக்ரட்டரியைக்கூட 'சந்தானம்' என்றுதான் கூப்பிட்டார். அவரும் "வந்துட்டேன் ஐயா" என்று பதில் சொன்னார்.

வாரம் முடிந்த அன்று பிலோமினாவும் வேதகிரியும் அந்த வால்வுக்கு எண்ணெய் விடப் போனார்கள். ஏறும்போது மூன்றாவது மாடியில் கதவு திறந்திருந்தது. அரசியின் கணவன் ஸ்டூல் போட்டுப் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிக்கொண்டிருந்தான். இவர்களைப் பார்த்து எதுவோ சொல்ல வந்தான். பிறகு, "மோர் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னான்.

மொட்டைமாடியில் வெயில் காலைச் சுட்டது. பிலோமினா வால்வின் கழுத்தில் எண்ணெய் விட்டுத் திருகிப் பார்த்தார். வேதகிரிக்கு அன்று காலையிலிருந்தே ஒரு கேள்வி தொண்டையில் நின்றது.

"மேஸ்திரிம்மா."

"சொல்லுங்க அண்ணா."

"பெரியவருக்கு வயசாயிடுச்சு. நாலு மணிங்கறது ஒருநாள் மறந்துபோச்சுன்னா?"

"மறப்பாரு."

"அப்படிச் சாதாரணமா சொல்றீங்களே. ஒரு டைமர் வால்வு இருக்கு. கரண்ட்ல ஓடும். நாலு மணியானா தானா திறக்கும். அவருக்குத் தெரியாம பக்கத்துல ஒண்ணு மாட்டி வெச்சுடலாமா? அவர் மறந்தாலும் தண்ணி போயிடும். யாருக்கும் தெரியாது."

"வேணாம்."

"அப்போ அவர் தூங்கிட்டாருன்னா தண்ணி வராதே?"

"வராது."

"பதினாறு வீட்டுக்கும் வராதே?"

"பதினாறு வீட்டுக்கும் வராது."

"அப்புறம் என்ன ஆகும் மேஸ்திரிம்மா?"

பிலோமினா எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார்.

"பதினாறு வீட்டுக்காரங்களும் ஏறி வந்து, அவர் காதுல விழற வரைக்கும் கதவத் தட்டுவாங்க, அண்ணா. பெரியவரே, எழுந்திருங்க, நீங்க வந்தாத்தான் தண்ணிம்பாங்க. அந்த டைமர மாட்டிட்டா, அவரத் தேடி யாரு வருவா?"

வேதகிரி ஸ்பானரைப் பையில் போட்டுக்கொண்டார்.