வெள்ளைக்கோட்டை விட்டு வந்த சைக்கிள்

ரோட்டில் ஓரமாகவே போனால் ஒன்றும் ஆகாது என்று உங்களுக்கும் யாராவது சொல்லியிருக்கிறார்களா? ஒரு சைக்கிளுக்கு அப்படிச் சொல்லியிருந்தது, ரோட்டின் இடது ஓரத்தில் நீளமாகப் படுத்துக்கிடக்கும் வெள்ளைக்கோடு.

"என்னைய விட்டு ஒரு சாண்கூட நகராதம்மா. நடுவுல பெரிய வண்டிங்க போற இடம். நமக்கு எதுக்கு அது?" என்று கோடு தினமும் சொல்லும். சைக்கிளும் சரி சரி என்று கேட்டுக்கொள்ளும்.

அந்தச் சைக்கிளை ஓட்டுகிறவள் அல்லிக்கொடி. முன்கம்பியில் பூட்டிய குட்டி சீட்டில் அவள் மகள் குழலி. பால்வாடி போகிற வழியெல்லாம் இடது பக்கம் வாய்க்கால், முட்டத் தண்ணீர்.

புதன்கிழமை காலை எதிரே ஒரு டிராக்டர் வந்தது. பின்னால் வந்த டவுன் பஸ் நிற்காமல், டிராக்டருக்கும் சைக்கிளுக்கும் நடுவே புகுந்து போனது. ஹேண்டில்பாரில் உரச இரண்டு விரற்கடைதான் பாக்கி. சைக்கிள் சரளையில் சறுக்கியது. குழலியின் ஒரு செருப்பு கழன்று வாய்க்காலில் விழுந்து, போயே போய்விட்டது.

"பாத்தியா? ஒதுங்கிப் போன்னு சொன்னேன்ல" என்றது கோடு.

"உங்க மேலயேதானே போனேன்!"

"இன்னும் கொஞ்சம் ஒதுங்கியிருக்கணும்."

"இன்னும் ஒதுங்கினா வாய்க்கால்தான். புள்ளைய வச்சுக்கிட்டு நீந்தச் சொல்றீங்களா?"

செருப்புக்குப் பதில் பிள்ளை விழுந்திருந்தால்? சைக்கிளுக்கு அன்று முழுக்க அதே நினைப்பு.

மறுநாள் போனால் கோட்டையே காணோம். அதன் மேல் யாரோ நெல் காயப்போட்டு, வரிசையாகக் கல் வைத்திருந்தார்கள்.

"ஏய், மேல ஏறிடாத! மழைல நனைஞ்சு இப்பத்தான் வெயிலக் கண்டேன். தள்ளிப் போ" என்றது நெல்.

"தள்ளிப் போனா நடு. பின்னாடி பஸ் வருது!"

"அதுக்கு நான் என்னடி பண்ணட்டும்?"

அல்லிக்கொடி திரும்பிப் பார்த்தாள். பஸ் தூரத்தில்தான் இருந்தது. வலது கையை நன்றாக நீட்டிக் காட்டிவிட்டு, இடது பாதியின் நடுவுக்கு வந்துவிட்டாள். தொலைந்தோம் என்று நினைத்தது சைக்கிள். நெல்லுக்கு அடியிலிருந்து கோடு, "ஐயோ, ஐயோ" என்றது.

பஸ் ஹாரனை விடாமல் அடித்தது. "ஏ சைக்கிள்! உங்க அப்பன் வீட்டு ரோடா?"

"ஓரத்துல நெல்லுண்ணே! பறந்தா போக முடியும்?"

எதிரே அதே டிராக்டர். புகுந்துவிடலாமா என்று பார்த்தது பஸ். இடமில்லை. முணுமுணுத்துக்கொண்டே பின்னால் ஊர்ந்து வந்தது. டிராக்டர் கடந்ததும் வலது பக்கம் முழுசாக விலகி, நடுவில் ஒரு மாட்டுவண்டி போகிற அளவு இடம் விட்டுத் தாண்டிப் போனது. காற்றுகூட மெதுவாகத்தான் பட்டது.

குழலி பஸ்ஸுக்கு டாட்டா காட்டினாள். அல்லிக்கொடிக்குச் சிரிப்பு வந்தது. சைக்கிளுக்கு மூச்சு வந்தது.

பால்வாடி எதிரில் பஸ் ஆள் ஏற்றிக்கொண்டு நின்றது. சைக்கிள் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய், நேற்று நடந்ததைச் சொன்னது.

"நேத்து உன்னைய இடிக்கப் பாத்தேனா?" என்று கேட்டது பஸ்.

"ரெண்டு விரக்கடைண்ணே. புள்ள செருப்பு போச்சு."

"எனக்குத் தெரியவே இல்லம்மா. நீ ஓரத்துல ஒடுங்கிப் போனியா, இடம் இருக்குன்னு நெனச்சுட்டேன். இன்னிக்கு முன்னாடி நின்னதாலதான் இல்லன்னு புரிஞ்சுது. அரை நிமிஷம் காத்திருந்தேன். அதனால குடியா முழுகிப்போச்சு?"

"அப்ப அந்தத் திட்டு?"

"ஹாரன் இருக்கு, அடிச்சேன். அதையெல்லாம் கண்டுக்காத."

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்துகொண்டே சொன்னது:

"நாளைக்கு நெல்ல அள்ளிடுவாங்க, கோடு மறுபடியும் கூப்பிடும். போயிடாதம்மா. இடம் பத்தாத எடத்துல எல்லாம் என் கண்ணு முன்னாடியே போ."