நாற்று நுனிகள்

"நெருப்பு வைக்கிறதுக்கு முன்னாடி..." என்று பெரியப்பா எதையோ சொல்வார். மீதி வாகீசனுக்கு மறந்துபோயிருந்தது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டுக் கூடையை எடுத்தான்.

கூடை நிறைய நாற்று நுனிகள். நடவுக்கு முன் கிள்ளியவை. ஒவ்வொன்றிலும் பழுப்பு ரோமம் போர்த்திய குருத்துப்பூச்சி முட்டைகள். பொரிந்தால் புழு தண்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய்விடும்; கதிர் வெளுத்துப் பதராகும். போன வருஷமும் இப்படித்தான் எரித்தான். இருந்தும் ஆசிரமத்து வயலில் பாதி பதர்.

உமையாள் அம்மை வந்து நின்றார். அவனைவிடப் பத்து வயது இளையவர். அவனுக்குக் குரு; ஆசிரமத்தின் அன்றாட நிர்வாகத்தை அவனிடம் விட்டிருந்தார்.

"அந்த நாலு சீடர்களையும் இன்னைக்கே வெளியே அனுப்பப் போறேன், அம்மா."

"என்ன பண்ணினாங்க?"

"வயல் ஆளுங்களுக்கு ஏன் தனிப் பந்தின்னு சபையில எழுந்து என்னைக் கேட்டாங்க. பந்தியா அவங்க கவலை? அதுல அந்தப் பொன்னப்பனுக்கு என் பொறுப்பு மேல கண்ணு."

"நாலு பேருக்குமா?"

"ஒண்ணாத்தானே எழுந்தாங்க!"

அம்மை கூடையை வாங்கிக்கொண்டார். "பெரிய தாம்பாளம் ஒண்ணு எடுத்துட்டு வாங்க, வாகீசரே."

தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவே செங்கல் வைத்து, அதன்மேல் நுனிகளைப் பரப்பினார்.

"எரிச்சா ஒரு நிமிஷ வேலை அம்மா."

"அவசரம் ஒண்ணுமில்லையே. இது முடியுற வரைக்கும் அந்த நாலு பேரும் இங்கேயே சாப்பிட்டுட்டு இருக்கட்டும்."

சில நாளில் புழுக்கள் நெளிந்து வந்தன. போக வழியில்லாமல் தண்ணீரில் விழுந்து மிதந்தன. வாகீசனுக்கு உள்ளூரச் சந்தோஷம். இன்னும் எத்தனையோ முட்டைகள் அப்படியே கிடந்தன.

"இதெல்லாம் செத்ததுங்க. கொட்டிடவா?"

"இருங்க."

பிறகொரு காலையில் அவையும் திறந்தன. புழு வரவில்லை. கடுகைவிடச் சிறிதாய், கறுப்பாய், சிறகோடு ஏதோ வந்தது. ஒவ்வொன்றாகத் தண்ணீரைத் தாண்டி வயல் பக்கம் பறந்தன.

"என்னம்மா இது?"

"குளவி. பூச்சியோட முட்டைக்குள்ள தன் முட்டையை வச்சிடும். குஞ்சு உள்ளேயிருந்தே அதைத் தின்னு தீர்த்துடும். நம்ம வயலுக்குக் காவல்."

வாகீசன் அடுப்பைப் பார்த்தான். "அப்போ போன வருஷம் நான்..."

"ஆமா. நல்லா எரிஞ்சுது."

"மேலே பார்த்தா எல்லாம் ஒரே மாதிரிதானே இருந்தது? எதுல புழு, எதுல குளவின்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கு எங்க தெரிஞ்சுது? அதனாலதான் தண்ணி வச்சேன்."

அன்று சாயங்காலம் வாகீசன் யாரையும் அனுப்பவில்லை. நால்வரையும் தனித்தனியே கூப்பிட்டு, அந்தப் பந்திக் கேள்வியை மறுபடி கேட்கச் சொன்னான்.