இடது மூலை

தொட்டதாகச் சொன்னது எதிரணிக்காரி மட்டும் அல்ல. அவள் மட்டும் சொல்லியிருந்தால் முப்பிடாதி சிரித்துவிட்டுப் போயிருப்பாள். அதற்கு ஆமாம் போட்டது நடுவர்கூட அல்ல. சொன்னது ஷெர்லின். மூன்று வருடமாக முப்பிடாதியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடுகிற ஷெர்லின்.

பல்கலைக்கழக அணிக்கு ஆள் எடுக்கும் கபடிப் போட்டி. இரண்டு கல்லூரிகளும் சமப் புள்ளியில் நின்றன. கடைசி ரெய்டு. எதிரணியிலிருந்து பாடி வந்தவள் இடது மூலையில் நின்ற முப்பிடாதியின் பக்கம் காலை வீசிவிட்டு, பட்டுவிட்டது என்று விரலைக் காட்டிக்கொண்டே ஓடினாள்.

படவில்லை என்றாள் முப்பிடாதி.

நடுவர் விழித்தார். அவர் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

அப்போதுதான் ஷெர்லின் கையைத் தூக்கினாள்.

"டச், சார்."

"உன் பக்கத்துப் பிள்ளையே சொல்லுதும்மா" என்றார் நடுவர். ஒரு புள்ளியில் ஆட்டம் போனது. வெளியே நின்ற பையன்கள் "பொய்யி, பொய்யி" என்று கத்தினார்கள். தேர்வாளர்கள் நான்கு பேரும் குனிந்து எதையோ எழுதிக்கொண்டார்கள்.

தோற்றது வலிக்கவில்லை. பட்டதைப் படவில்லை என்று சொன்னவளாக அத்தனை பேர் முன்னால் நின்றாளே, அதுதான் ஆறவில்லை. பட்டால் நீயே கையைத் தூக்கிவிட்டு வெளியே போ என்பது அவர்கள் அணியின் வழக்கம். மற்ற கல்லூரிகள் கேலி செய்யும். அந்த வழக்கத்துக்காக முப்பிடாதி எத்தனையோ முறை, யாரும் கேட்காமலே, தானாக வெளியே போயிருக்கிறாள்.

மறுநாள் மாலை அவள் தங்கபுஷ்பம் மேடத்தைத் தேடி மைதானத்துக்குப் போனாள்.

மேடத்துக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு காலத்தில் மாநில அணியில் ஆடியவர். அவருக்குப் பயிற்சி கொடுக்கத் தெரியும், பதில் சொல்லத் தெரியாது என்று பிள்ளைகள் சொல்வார்கள். மணி என்ன என்று கேட்டால் செருப்பைக் கழற்றிக் காட்டுவார் என்றும் சொல்வார்கள்.

அப்போது மேடம் சுண்ணாம்பு வாளியோடு கோடு போட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலை இன்னொரு ஆட்டம். தேர்வாளர்கள் திரும்பவும் வருவார்கள். முப்பிடாதிக்கு இது கடைசி வருடம். நாளை விட்டால் பிறகு கபடியே கிடையாது.

"மேடம், நாளைக்கு எனக்கு வேற ஆள் குடுங்க. ஷெர்லின் கையைப் பிடிச்சு ஆட மாட்டேன்."

மேடம் கோட்டை முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"வேற ஆள் இல்ல."

அது உண்மைதான். மூலையில் நிற்பவளும் அடுத்து நிற்பவளும் கைகோத்து நின்றால்தான் பிடி. ஒருத்தி காலைப் பிடிக்க, மற்றவள் வந்து இடுப்பில் விழ வேண்டும். தனியாகப் பிடித்தால் பாடி வந்தவள் இழுத்துக்கொண்டே கோட்டைத் தாண்டிவிடுவாள். அந்தக் கைகோப்பு ஒரே நாளில் வராது. இவர்களுக்கே ஒரு வருடம் பிடித்தது.

"அப்போ நான் ஆடல."

மேடம் வாளியிலிருந்து ஒரு பிடி சுண்ணாம்பை அள்ளினார்.

எதிர்த்துப் பேசாதவர்கள் முன்னால் முப்பிடாதிக்குப் பேச்சு பெருகும். கல்லூரிப் பட்டிமன்றத்தில் அவளை எதிர்த்துப் பேச ஆள் கிடைப்பதில்லை. இரவெல்லாம் யோசித்து வைத்ததை அவள் அவிழ்த்தாள். ஆட்டத்துக்கு முன்னால் ஷெர்லின் அந்த எதிரணிக்காரியோடு டீக்கடையில் சிரித்துப் பேசியதைத் தன் கண்ணால் பார்த்தாளாம். இடது பக்கத்துக்கு ஒரே ஆளைத்தான் எடுக்கப் போகிறார்கள் என்று ஷெர்லினிடம் யாரோ சொல்லியிருக்கிறார்களாம். யார் சொல்லியிருப்பார்கள்?

அங்கே நிறுத்தி மேடத்தின் முகத்தைப் பார்த்தாள். மேடத்துக்கும் ஷெர்லினுக்கும் ஒரே ஊர், உவரிப் பக்கம். அதைச் சொல்லாமல் விட்டாள். விட்டதே சொன்ன மாதிரிதான் இருந்தது.

மேடம் கோபப்படவில்லை. அது முப்பிடாதியின் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. குற்றமில்லாதவர்களுக்குக் கோபம் வர வேண்டாமா?

"யார் யார்ட்டல்லாம் விசாரிச்ச?" என்று கேட்டார்.

நடுவரிடம், கேப்டனிடம், புள்ளி எழுதியவரிடம், அந்த டீக்கடைக்காரரிடம்கூட.

"ஷெர்லின்ட்ட?"

"அவட்ட என்னத்தக் கேக்க? களவாண்டவட்டயே போயி நீதான் களவாண்டியான்னு கேப்பாங்களா மேடம்?"

மேடம் திரும்பி ஷெர்லினைக் கூப்பிட்டார். அவள் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். வந்தாள். முப்பிடாதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"துப்பட்டாவ எடுத்துக் கண்ணக் கட்டு" என்றார் மேடம், முப்பிடாதியிடம்.

"எதுக்கு?"

மேடம் வாளியைப் பக்கத்தில் இழுத்து வைத்தார். முப்பிடாதி தானே கட்டினாள். ஏமாற்றினாள் என்று பிறகு யாரும் சொல்லக்கூடாது என்று இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக் கட்டினாள்.

"மூலைல நில்லு. கையப் பிடி."

"மேடம்..."

"பிடிட்டி."

பிடித்தாள். பிணத்தின் கையைப் பிடிப்பது போலப் பிடித்தாள். பழக்கம் பொல்லாதது, விரல்கள் தாமாகவே பழைய இடத்தில் போய்க் கொக்கி போட்டுக்கொண்டன.

வாளியில் கை அளையும் சத்தம் கேட்டது. பிறகு மேடத்தின் குரல், கபடி கபடி கபடி என்று நெருங்கி வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் மூச்சு உடையாத குரல். ஷெர்லின் இழுத்த பக்கமெல்லாம் முப்பிடாதியும் நகர்ந்தாள். குரல் விலகிப் போனது.

"பட்டுச்சா?"

"படல மேடம்" என்றாள் ஷெர்லின்.

"நீ சொல்லு."

"படல" என்றாள் முப்பிடாதி.

இரண்டாம் முறை, தன் தோளில் பட்டது என்று ஷெர்லின் சொன்னாள். ஆமாம் என்றாள் முப்பிடாதி.

மூன்றாம் முறை மேடம் வெகுநேரம் சுற்றினார். காலடி இடப்பக்கம் கேட்டது, பின்னால் கேட்டது, நின்றது. மண் சட்டென்று தெறித்தது. குரல் ஓடிப்போய்விட்டது.

"படல மேடம்."

"பட்டுச்சு" என்றாள் முப்பிடாதி.

"இல்லட்டி, நெசமாவே படல."

"பட்டுச்சுங்கேன்லா."

கண்கட்டை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தாள். மேடத்தின் விரல்களிலும் வலது கால் பெருவிரலிலும் சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தது. ஷெர்லினின் தோளில் நாலு விரல் தடம். வேறெங்கும் ஒன்றும் இல்லை.

"திரும்புட்டி."

ஷெர்லின் திரும்பினாள். நீலக் காற்சட்டையில், முழங்காலுக்குப் பின்னால், ஒரு பொட்டு வெள்ளை.

ஷெர்லின் கழுத்தை வளைத்துப் பார்த்தாள். வாய் திறந்தது.

"எனக்குத் தெரியவே இல்ல மேடம்."

முப்பிடாதிக்கு நேற்றிலிருந்து இப்போதுதான் மூச்சு வந்தது.

"பாத்தீங்களா மேடம். வாயத் தொறந்தா பொய். இவ கால்ல பட்டது இவளுக்குத் தெரியாதாம். கண்ணக் கட்டிட்டு நிக்கேன், எனக்குத் தெரிஞ்சிருக்கு, இவளுக்குத் தெரியாதாம். இதக் கேக்கறவங்க நம்புவாங்களா?"

மேடம் காலைத் தரையில் தேய்த்துச் சுண்ணாம்பைத் துடைத்தார்.

"ஒனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"அவ கைதான் எங்கிட்ட இருக்கே மேடம். பட்டதும் நாலு விரலும் ஒரு நொடி செத்துப்போச்சு. அது அவளுக்கே தெரியாது, ஆனா பிடிச்சிருக்க எனக்கு..."

நிறுத்தினாள்.

பட்டிமன்றத்தில் அவள் ஒருநாளும் பாதியில் நிறுத்தியதில்லை.

மேடம் வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த கோட்டுக்குப் போய்விட்டார். இவர்கள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஷெர்லின் குனிந்து முழங்காலுக்குப் பின்னால் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கையால்தான் தட்டினாள். மற்றக் கையை முப்பிடாதி இன்னும் விட்டிருக்கவில்லை.

"ஏட்டி" என்றாள் முப்பிடாதி. "நேத்து எம் மேல பட்டத நீ எங்க நின்னு பாத்த?"

ஷெர்லின் நிமிர்ந்தாள்.

"நான் பாக்கலட்டி. ஒங் கையப் பிடிச்சிருந்தேன்லா."