திரும்பிய வாசல்

தென்காசிப் பக்கம் பிச்சக்கனின்னு ஒருத்தன். வீட்ட விக்கணும்னு தன் கையாலயே வெள்ளையடிச்சான். செவுத்தவிட அவந்தான் வெளுத்துப்போய் நின்னான். புரோக்கர் தர்மலிங்கம் செருப்பக்கூடக் கழட்டாம உள்ள வந்து உதட்டப் பிதுக்கினாரு.

"தெக்கு வாசல். இதுல குடியிருக்கவன் உருப்பட மாட்டான்டே. வாசலக் கிழக்க திருப்பு, முழு வெல வாங்கித் தாரேன். இல்லன்னா பாதி வெலதான்."

"நான் உருப்படாததுக்கு வாசலா காரணம்? இத்தன நாளா என் மூளையல்லா சந்தேகப்பட்டேன்"ன்னான் பிச்சக்கனி.

மறுநாள் புரோக்கரே வாங்குற ஆளக் கூட்டியாந்தாரு. கூடவே தன் சம்சாரத்தயும். வந்த ஆளு அவள வாய்க்கு வாய் அக்கான்னான்; அவ கூடப்பொறந்த தம்பி. மச்சினனுக்குப் பாதி வெலைல முடிக்கத்தான் அந்த வாசல் கதையே.

பிச்சக்கனி அந்தம்மா முன்னால கையக் கட்டிக்கிட்டு நின்னான்.

"வீட்டத் தரமாட்டேன்க்கா. இதுல இருக்கவன் உருப்பட மாட்டான்னு அண்ணாச்சி சொன்னாவ. ஒங்க தம்பியப் போயி இதுல தள்ளுவனா? நான் ஒருத்தன் வீணாப்போனது போதும்."

அந்தம்மா புருசனத் திரும்பிப் பாத்தா. அவரு வேகமா கைய ஆட்டினாரு.

"சேச்சே, தங்கமான வாசல்லா இது"ன்னாரு.

"அப்ப வாசல் திரும்பிருச்சு அண்ணாச்சி. முழு வெலயப் பேசுங்க. வெள்ளையடிச்ச கூலி மட்டும் வேண்டாம். அந்த லட்சணத்தத்தான் பாக்கியளே."