மீதி நின்ற எறும்பு

அந்தக் காலத்தில் எறும்பும் பேசும், கறையானும் பேசும். இரண்டுக்கும் எண்ணவும் தெரியும். அதுதான் வினை.

எறும்பு ராணி சித்தாயிக்கு, எதிர்ப்புற்றுக் கறையான் ராணி வெள்ளச்சியைக் கண்டாலே வயிறு எரியும். வெள்ளச்சியின் படை சரியாக ஒரு லட்சம். இரண்டிரண்டாக, ஐந்தைந்தாக, பத்துப் பத்தாக எப்படி நிறுத்தினாலும் ஒன்றும் மிஞ்சாது. மும்மூன்றாக நிறுத்தினால் அவளுக்கும் ஒன்று மிஞ்சும். அவள் நிறுத்தமாட்டாள், பொறாமைக்காரி சித்தாயிக்கு அதைக் கேட்கத் தோன்றாது.

சித்தாயியின் படை தொண்ணூற்று ஒன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்று ஒன்று. பொல்லாத எண். இரண்டிரண்டாக நிறுத்தினாள்; ஒன்று மீதி. மூன்று, ஐந்து, ஒன்பது, பத்து, பதினொன்று. அப்போதும் ஒன்று மீதி. ஏழேழாக நிறுத்தினால் மூன்று மீதி. அது இன்னும் கேவலம்.

ஒற்றையாக நின்றது எப்போதும் மூக்காயி. முட்டைகளைத் துடைத்து வைத்துவிட்டுக் கடைசியாக ஓடிவருவாள்.

“என்னடி சித்தாயி, உன் படைக்கு வால் முளைச்சிருக்கு?” என்று வெள்ளச்சி புற்றின் மேலிருந்து சிரித்தாள்.

அன்று சித்தாயிக்கு இரை இறங்கவில்லை. விடிந்ததும் மூக்காயியைக் கூப்பிட்டாள்.

“நீ போயிடு.”

“நான் என்ன தப்பு செஞ்சேன் தாயே?”

“ஒண்ணும் செய்யல. நீ அதிகம்.”

மூக்காயி போய்விட்டாள். மற்ற எறும்புகள் தலையைத் தூக்கவில்லை.

அன்று வரிசை கச்சிதம். பதினொன்று பதினொன்றாக நடத்திக் காட்டினாள். வெள்ளச்சி புற்றுக்குள் இறங்கிப் போய்விட்டாள். சித்தாயிக்கு வயிறு குளிர்ந்தது. ஒரே ஒரு நாள்.

மறுநாள் ஒரு முட்டை பொரிந்தது. மூக்காயி துடைத்து வைத்த முட்டை. பழைய எண் திரும்பி வந்துவிட்டது.

“பத்துப் பத்தா நில்லுங்க!” என்று கத்தினாள் சித்தாயி.

ஒன்றும் அசையவில்லை. இன்றைக்கு அதிகம் யார்? எல்லாம் அந்தக் குஞ்சைப் பார்த்தன. பிறகு ஓர் எறும்பு முன்னால் போய் நின்றது. அதன் பின்னால் குஞ்சு. அதன் பின்னால் இன்னொன்று. அப்படியே எல்லாம்.

“என்ன கூத்து இது? வெள்ளச்சி பாக்கிறா!”

“இப்படி நின்னா யாரும் அதிகமில்ல தாயே,” என்றது முன்னால் நின்றது. “மூக்காயியத் தேடப் போறோம்.”

போய்விட்டன. கடைசி எறும்பு வாசல் தாண்ட மாலையாகிவிட்டது. புற்றில் மீதி நின்றது சித்தாயி ஒருத்திதான்.

அன்று முதல்தான் எறும்பு ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது. எதிரே வருவதையெல்லாம் நின்று தொட்டுப் பார்க்கிறது, மூக்காயியா என்று. ராணி மட்டும் வெளியே தலைகாட்டுவதில்லை.