சடையப்பக் கரடியின் சமையல் முறை

மலையடிவாரக் காட்டில், ஒரு சுனைக்குப் பக்கத்துக் குகையில் சடையப்பன் என்ற கரடி குடியிருந்தது. அதன் மனைவி தேனாச்சி. இருவருக்கும் ஒரே குட்டி.

சடையப்பன் ருசியாகச் சமைக்கும். அதில் குறை சொல்ல முடியாது. அடுப்பைப் பற்றவைக்க அதைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடு! சாம்பார் என்றால் முருங்கைக்காய் வேண்டும். புளி பழம்புளியாக இருக்க வேண்டும். கொத்தமல்லி ஒரு இணுக்குக் குறைந்தாலும் கரண்டியைத் தொடாது.

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்கு! முறை தப்பின சாம்பாரும் சேத்துத் தண்ணியும் ஒண்ணு!" என்று மார்தட்டும். அந்த வீட்டில் முறை எப்போதும் சரியாக இருந்தது. வயிறுதான் பல நாள் காலியாக இருந்தது.

ஒரு நாள் காலையிலிருந்தே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் குட்டிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்த வேண்டும்? அதற்காகத் தேனாச்சியின் அண்ணன் வீரமலை, மேற்கு மலையிலிருந்து குடும்பத்தோடு வந்துகொண்டிருந்தது.

இதில் ஒரு சிக்கல். போன தடவை வீரமலை வந்தபோது, சடையப்பன் பெருங்காயம் தேடிப் போய்விட்டது. வந்த விருந்தாளி பொழுது சாயும் வரை பார்த்துவிட்டுப் பசியோடு திரும்பியது. "இன்னொரு தடவை உங்க வீட்டுல பட்டினி கிடந்தேன்னா, இந்தப் பக்கமே தலை வச்சுப் படுக்க மாட்டேன்!" என்று சொல்லிவிட்டும் போயிருந்தது.

தேனாச்சி குகை வாசலை எட்டி எட்டிப் பார்த்தது. "என்னங்க, அண்ணன் வர்ற நேரமாச்சு. இருக்கிறதை வச்சு ஏதாவது பண்ணுங்களேன்!" என்றது.

"இருக்கிறதை வச்சா? மச்சான் வர்றப்போ முருங்கைக்காய் இல்லாத சாம்பாரா? என் மானம் என்னாகுறது!" என்று சடையப்பன் கொட்டும் மழையில் கிளம்பிவிட்டது.

சுனைக்கு அக்கரையில் ஒரு முருங்கை மரம். அதன் உச்சிக் கிளையில் ஒற்றைக் காய். சடையப்பன் ஏறத் தொடங்கியது.

கிளையில் நனைந்துகொண்டிருந்த காகம் பதறியது. "அண்ணே, இது முருங்கை மரம்! நான் உக்காந்தாலே ஆடுது. நீங்க ஏறினா தாங்குமா?"

"சமையல் தெரியாதவங்க வாயைத் திறக்கக் கூடாது!" என்று சடையப்பன் அடுத்த கிளையில் கால் வைத்தது.

படார்! கிளையும் காயும் கரடியும் ஒன்றாகச் சேற்றில் விழுந்தன. காகம் மட்டும் பறந்து தப்பியது.

இங்கே வீரமலை குகைக்கு வந்துவிட்டது. கூடவே அதன் மனைவி, குட்டிகள், சொல்லாமலே புறப்பட்டு வந்த வீரமலையின் மாமியார். எல்லாரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள்.

"மாப்பிள்ளை எங்கே?" என்று கேட்டது வீரமலை.

"முருங்கைக்காய் பறிக்கப் போயிருக்காருண்ணே..."

வீரமலையின் முகம் இருண்டது. தேனாச்சி உடனே ஓர் அடுப்பில் உலை வைத்தது. இன்னோர் அடுப்பையும் மூட்டிவிட்டு மூலையில் துழாவியது. பாதிப் பூசணிக்காய் கிடைத்தது. கொஞ்சம் கத்தரிக்காய், வாடத் தொடங்கிய கீரை, ஒரு துண்டு சேனைக்கிழங்கு. எல்லாவற்றையும் நறுக்கிப் பருப்போடு ஒரே பானையில் போட்டது. புளி தீர்ந்திருந்தது. மாங்காய் இருந்தது, அதைப் போட்டது!

கத்தரிக்காயைக் கண்டால் குட்டிகள் முகம் சுளிக்கும். வெந்ததும் மத்தால் ஒரு கடை கடைந்தது. கடவுளே வந்தாலும் இனி கத்தரிக்காயைக் கண்டுபிடிக்க முடியாது. குட்டிகளுக்குத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அப்புறம்தான் மிளகாயைக் கிள்ளிப் போட்டுத் தாளித்தது. மாமியார் வருவார் என்று யார் கண்டது? ஒரு செம்பு வெந்நீரைக் கூடுதலாக ஊற்றி, உப்பைச் சரிபார்த்தது.

ஆளுக்கொரு தேக்கிலை. ஆவி பறக்கும் சோறு. வீரமலை முறைப்போடு ஒரு கவளம் வாயில் போட்டது. இன்னொரு கவளம் போட்டது. "தங்கச்சி, இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து!" என்றது.

அந்த நேரம் பார்த்துச் சடையப்பன் நொண்டிக்கொண்டே வந்து சேர்ந்தது. உடம்பெல்லாம் சேறு. கையில் முறிந்த முருங்கைக்காய்.

"நிறுத்துங்க!" என்று கத்தியது. "புளி இல்ல, முருங்கைக்காய் இல்ல! பூசணியும் கீரையும் ஒண்ணாப் போட்டு... இது எந்த ஊர் முறை? இதைக் கொட்டுங்க, நான் முறையா வைக்கிறேன்!"

வீரமலை இலையை விட்டு எழுந்தது.

"சாப்பிடுற இலையில இருந்து எழுப்பிட்டீங்களே மாப்பிள்ளை! குட்டிகளா, கிளம்புங்க!"

தேனாச்சி கரண்டியோடு புருஷன் முன்னால் வந்து நின்றது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

"சமையல் முறை தப்பினா ஒரு வேளையோட போச்சு. மாமன் முறை தப்பினா நம்ம பிள்ளை நாளைக்கு யார் மடியில உக்காரும்? உங்க முருங்கைக்காய் மடியிலயா?"

மாமியார் களுக்கென்று சிரித்துவிட்டது. ஆனால் குட்டி சிரிக்கவில்லை. வாயெல்லாம் பூசணியோடு, "மாமா, போகாதீங்க!" என்று வீரமலையின் காலைக் கட்டிக்கொண்டு அழுதது.

சடையப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முருங்கைக்காயைத் தூக்கி எறிந்தது. "மச்சான், தப்பு என்மேலதான். உக்காருங்க," என்று கையைக் கழுவி, புது இலை போட்டுத் தானே பரிமாறியது. வீரமலை குட்டியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது.

கடைசியில் சடையப்பனும் ஒரு வாய் சாப்பிட்டது. அதன் கண்கள் விரிந்தன.

"தேனாச்சி, பிரமாதம்! இதோட முறையைச் சொல்லு! பூசணி எவ்வளவு, கீரை எவ்வளவு? நாளைக்கும் அச்சு அசலா இதையே வைக்கணும்!"

"நாளைக்கு எப்படிங்க வைக்கிறது? பூசணிதான் தீர்ந்து போச்சே!" என்றது தேனாச்சி.

வீரமலை சிரித்த சிரிப்பில் அதற்குப் புரையேறிவிட்டது. மறுநாள் மாமன் மடியிலேயே குட்டிக்குக் காது குத்தினார்கள்.

இருப்பதைக் கொண்டு வேளைக்குப் பசியாற்றுவதே நல்ல சமையல். வந்தவரைப் பட்டினி போடும் முறை, எத்தனை சரியாக இருந்தாலும் முறைகேடுதான்.