சாத்தப்பன் கழித்த மூன்று

கேளுங்கள், கப்பல்கள் காற்றை மட்டுமே நம்பி ஓடிய காலம் அது. தென்கடற்கரையில் சாத்தப்பன் என்றொரு வியாபாரி இருந்தான். தலைச்சுமையாய் உப்பு விற்று முன்னுக்கு வந்தவன். முன்கோபக்காரன். பேரம் பேசாமல் ஒரு பிடி கீரைகூட வாங்கமாட்டான்.

முப்பது வருட உழைப்பில் அவன் சேர்த்தது பத்து வண்டி நெல். அதைக் கொண்டு, குப்பத்து நீலாயியின் புன்னைத்தோப்பை வாங்க வந்தான். புன்னைக்கொட்டையை ஆட்டினால் விளக்குக்கும் படகுக்கும் எண்ணெய். தோப்பின் நடுவே நல்ல தண்ணீர்க் கிணறு வேறு.

"பன்னிரண்டு வண்டி," என்றாள் நீலாயி.

சாத்தப்பன் தோப்பைச் சுற்றி நடந்தான். கடல் பக்கம் தாழம்புதர். "முள்ளுக்கு எவன் நெல்லு கொடுப்பான்? கழி."

உப்பாற்றோரம் கண்டல் மரங்கள். "சேத்துல நிக்கிற மரம் எனக்கெதுக்கு? கழி."

மணல்மேடு முழுக்க அடும்புக்கொடி. "ஆடுகூடச் சீண்டாத கொடி. இதையும் கழி."

"கழிச்சா அந்த மூணும் என்னுதுதானே, செட்டியாரே?"

"வெட்டி அள்ளிட்டுப் போ, தாயி."

பத்து வண்டிக்குப் பேரம் படிந்தது. மறுநாளே சாத்தப்பன் கிணற்றைச் சுற்றி வேலி போட்டான். குடத்தோடு வந்த குப்பத்துப் பெண்களை, "கிணறு இப்ப என்னுது, ஒரு சொட்டுக் கிடையாது" என்று விரட்டினான்.

நீலாயி சண்டைக்கு வரவில்லை. அரிவாளோடு வந்தாள்.

முதல் வாரம் பாய் முடையத் தாழையை வெட்டினாள். உப்புக்காற்று நேரே நுழைந்து புன்னைப்பூவைக் கருக்கியது.

அடுத்த வாரம் விறகுக்குக் கண்டலை வெட்டினாள். கடல் பொங்கி ஆற்றில் ஏறியபோது கரை சரிந்து ஆறு புன்னைகள் சாய்ந்தன.

மூன்றாம் வாரம் அடும்பை உருவத் தொடங்கினாள். மேடு பாதி மொட்டையானபோது கடலிலிருந்து கொண்டல் காற்று கிளம்பியது. மணல் எழுந்து வந்து கிணற்றுக்குள் கொட்டியது. சாத்தப்பன் எட்டிப் பார்த்தான். முப்பது வருட உழைப்பும் அந்தக் குழிக்குள் போய்க்கொண்டிருந்தது. இது தூர்ந்தால் மறுபடியும் உப்புமூட்டைதான்.

மணல்மேட்டுக்கு ஓடினான். "நிறுத்து தாயி. கொடியை நான் வாங்கிக்கிறேன். என் வண்டிமாடு ரெண்டையும் ஓட்டிக்கோ."

"ஆடு சீண்டாத கொடிக்கு ரெண்டு மாடா? பேரம் மறந்துபோச்சா, செட்டியாரே?"

வேடிக்கை பார்த்து நின்ற குப்பத்துப் பெண்கள் சிரித்தார்கள். சாத்தப்பனுக்குக் காது சிவந்தது. "கிணறு தூர்ந்துடும்னு தெரிஞ்சேதான் உருவுறியா?"

"எங்களுக்கு இல்லாத கிணறு தூர்ந்தா எங்களுக்கென்ன நட்டம்?"

சாத்தப்பன் கிணற்றுப் பக்கம் திரும்பிப் பார்த்தான்; மணல் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. "என்ன வேணும், நீயே சொல்லு," என்றான்.

"மாடு வேண்டாம். வேலியை எடுங்க, எங்க குடமும் நிறையட்டும். அடும்பை நானே திரும்ப நட்டுத் தர்றேன், ஒரு கணு மண்ணுல பட்டாப் போதும், பிடிச்சுக்கும். தாழையும் வந்துடும். கண்டல் எழும்பத்தான் பல வருசம் ஆகும். அதுவரைக்கும் நீங்க பொறுத்துக்கணும்."

வாழ்க்கையில் முதல்முறையாகச் சாத்தப்பன் அடுத்தவர் சொன்ன விலைக்கே ஒத்துக்கொண்டான். வேலியைத் தன் கையாலேயே பிடுங்கிப் போட்டுவிட்டு, மணலை அள்ளக் கிணற்றுக்குள் இறங்கினான்.

பயன் நமக்குத் தெரியவில்லை என்பதற்காக எதையும் பயனற்றது என்று கழித்துவிடக் கூடாது.